மஞ்சள் சிப்பிச் சின்னத்தின் கீழ் விற்கப்படும் டீசல் யாருடையது?

ஆஸ்திரேலியாவில் ஷெல் சின்னம் பொறித்த நிலையத்தில் வண்டியை நிறுத்தி டீசல் நிரப்புகிறவர், லண்டனில் தலைமையகம் வைத்திருக்கும் ஷெல் நிறுவனத்திடமிருந்தே அதை வாங்குவதாக நினைத்துக்கொள்வது இயல்பு. கூரையிலும் பம்பிலும் விலைப் பலகையிலும் அந்த மஞ்சள் சிப்பியே இருக்கிறது. ஆனால் 2014 ஆகஸ்டு மாதத்திலிருந்து இந்த நாட்டில் அந்த நிலையங்களோ, அவற்றுக்கு எரிபொருள் அனுப்பும் கிடங்குகளோ, ஜீலாங் நகரத்துச் சுத்திகரிப்பு ஆலையோ ஷெல்லுக்குச் சொந்தமில்லை. எங்கள் வீட்டில் ஒரு டீசல் வண்டி இருப்பதாலும், நண்பர்கள் கூடும்போதெல்லாம் எந்த பங்க்கின் டீசல் நல்லது என்ற விவாதம் தவறாமல் எழுவதாலும், நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளையும் ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையத்தின் அறிக்கைகளையும் ஓய்வு நேரங்களில் படித்து வந்திருக்கிறேன். அவற்றிலிருந்து எனக்குத் தெளிவானதை இங்கே எழுதி வைக்கிறேன்.

2014 பிப்ரவரியில் ஷெல் தன் ஆஸ்திரேலிய எரிபொருள் விற்பனைப் பிரிவை விட்டோல் என்ற நிறுவனத்துக்கு ஏறத்தாழ 290 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு விற்பதாக அறிவித்தது. ஜீலாங் ஆலை, சுமார் 870 சில்லறை விற்பனை நிலையங்கள், சுரங்கங்களுக்கும் லாரி நிறுவனங்களுக்கும் மொத்தமாக விற்கும் வணிகம், தார் வணிகம் ஆகியவை ஒரே ஒப்பந்தத்தில் கைமாறின. விமான எரிபொருள் பிரிவு மட்டும் அப்போது ஷெல்லிடமே நின்றது. 2017-இல் அதுவும் போயிற்று. வாங்கிய விட்டோல், 1966-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் தொடங்கப்பட்ட எண்ணெய் வணிக நிறுவனம். நாளொன்றுக்கு 70 லட்சம் பீப்பாய்க்கு மேல் கச்சா எண்ணெயும் எரிபொருளும் வாங்கி விற்கும் அளவுக்கு அது பெரியது. ஆனாலும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாததாலும், அதன் பங்குகள் அங்கே பணியாற்றுவோரிடமே இருப்பதாலும், பொதுமக்களில் பெரும்பாலோர் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் வாங்கிய வணிகத்துக்கு விவா எனர்ஜி என்று பெயர் சூட்டப்பட்டது. ஷெல் சின்னத்தைத் தொடர்ந்து பயன்படுத்துவதற்கான உரிமத்தையும் அந்தப் புதிய நிறுவனம் பெற்றுக்கொண்டது. 2018 ஜூலையில் பங்கு ஒன்றுக்கு 2.50 டாலர் என்ற விலையில் விவா எனர்ஜி ஆஸ்திரேலியப் பங்குச் சந்தைக்கு வந்தது. ஆக, இன்று அதன் உரிமையாளர்களில் விட்டோலும் உண்டு, ஓய்வூதிய நிதிகளும் உண்டு, ஆயிரக்கணக்கான சிறு முதலீட்டாளர்களும் உண்டு.

இதைப் படித்துவிட்டு ஷெல் ஆஸ்திரேலியாவை விட்டே போய்விட்டது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். குயின்ஸ்லாந்தின் நிலக்கரிப் படுகைகளிலிருந்து எடுக்கும் எரிவாயுவிலும், மேற்கு ஆஸ்திரேலியக் கடற்பகுதியில் நிற்கும் பிரிலூட் என்ற மிதக்கும் எரிவாயு ஆலையிலும் அது இன்றைக்கும் பெரும் முதலீடு வைத்திருக்கிறது. அதாவது, பொதுமக்கள் கண்ணில் அன்றாடம் படுகிற வணிகம் அதனுடையதில்லை. அதற்குச் சொந்தமான வணிகம் பொதுமக்கள் கண்ணில் படுவதில்லை.

சொத்து பிரிந்த கதை இதோடு முடியவில்லை. 2016-இல் நானூறுக்கும் மேற்பட்ட நிலையங்களின் நிலத்தையும் கட்டடத்தையும் தனியே பிரித்து, நில முதலீட்டு அறக்கட்டளை ஒன்றாகப் பங்குச் சந்தையில் விற்றார்கள். அது இப்போது வேபாயின்ட் என்ற பெயரில் இயங்குகிறது, விவா எனர்ஜி அதனிடம் வாடகைக்கு இருக்கிறது. நிலையத்தின் கடையை எடுத்துக்கொண்டால், 2003 முதல் கோல்ஸ் பல்பொருள் அங்காடி நிறுவனமே பெரும்பாலான ஷெல் நிலையங்களை நடத்தி வந்தது. மளிகை ரசீதைக் காட்டினால் லிட்டருக்கு 4 சென்ட் தள்ளுபடி என்ற வழக்கம் அந்தக் கூட்டணியில் வேரூன்றியதுதான். பலருக்குத் தெரியாத செய்தி என்னவென்றால், 2019 தொடக்கம் வரை பம்பில் விலையை நிர்ணயித்ததும் கோல்ஸ்தான். அந்த ஆண்டு ஒப்பந்தத்தைத் திருத்தி, விலை நிர்ணயிக்கும் அதிகாரத்தை விவா எனர்ஜி தன் கைக்குக் கொண்டுவந்தது. பிறகு 2023 மே மாதத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட கோல்ஸ் எக்ஸ்பிரஸ் கடைகளையே 30 கோடி டாலருக்கு வாங்கியது. 2024-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் வேர்கொண்ட ஓ.டி.ஆர். குழுமத்தையும் வாங்கியது. கோல்ஸ் எக்ஸ்பிரஸ் என்றிருந்த பலகைகள் ரெட்டி எக்ஸ்பிரஸ் என்று மாறின. இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் கூரையிலிருந்த சிப்பிக்கு மட்டும் எதுவும் நேரவில்லை. பழைய ஷெல் இருக்கிறது என்றே தெருவில் போகிறவர்கள் எண்ணிக்கொண்டார்கள்.

ஷெல் ஏன் விற்றது என்பதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் எட்டுச் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கின. பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலோ அதையொட்டியோ, உள்ளூர்த் தேவைக்கு ஏற்ற அளவில் கட்டப்பட்டவை. அதே வேளையில் ஜாம்நகரிலும் தென் கொரியாவின் உல்சானிலும் சிங்கப்பூரிலும் அவற்றைப் போல ஐந்து மடங்கு, பத்து மடங்கு பெரிய ஆலைகள் எழுந்தன. அங்கிருந்து கப்பலில் வரும் டீசல், உள்ளூர் டீசலைவிட மலிவாக இருந்தது. அடிலெய்டு அருகே போர்ட் ஸ்டான்வாக்கில் மொபில் நிறுவனத்தின் ஆலை 2003-இல் நின்றது. சிட்னியில் ஷெல்லின் கிளைட் ஆலை 2012-இலும், கால்டெக்ஸின் கர்னெல் ஆலை 2014-இலும், பிரிஸ்பேனில் பி.பி.யின் புல்வர் தீவு ஆலை 2015-இலும், பெர்த் அருகே குவினானாவும் மெல்பர்னில் ஆல்டோனாவும் 2021-இலும் மூடப்பட்டன. எஞ்சியவை இரண்டே: பிரிஸ்பேனில் ஆம்போல் நிறுவனத்தின் லிட்டன், விக்டோரியாவில் ஜீலாங். இவ்விரண்டும்கூட, சுத்திகரிப்பில் கிடைக்கும் லாபம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விழும்போது அரசு பணம் தரும் என்று 2021-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் துணையோடுதான் நிற்கின்றன. இப்படிப்பட்ட தொழிலில் ஆலையின் பாரத்தை வேறொருவர் தோளுக்கு மாற்றிவிட்டு, சின்னத்துக்கான உரிமக் கட்டணத்தை மட்டும் பெறுவது ஷெல்லுக்கு நல்ல கணக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜீலாங் ஆலை 1954-இல் கோரியோ விரிகுடாவின் கரையில் ஷெல்லால் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 1,20,000 பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் அதற்கு உண்டு. விக்டோரியா மாநிலத்தின் எரிபொருளில் பாதிக்கு மேலும், நாடு முழுவதற்குமான எரிபொருளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கும் அங்கிருந்து வருவதாக அதன் உரிமையாளர்கள் கூறுகிறார்கள். மெல்பர்னிலிருந்து ஜீலாங் போகும் நெடுஞ்சாலையில் அதன் புகைபோக்கிகளைப் பார்க்காமல் போக முடியாது. ஆலையிலிருந்து மெல்பர்னின் நியூபோர்ட் கிடங்கு வரை குழாய் போகிறது. நியூபோர்ட்டில் டேங்கர் லாரிகள் வந்து நிரப்பிக்கொண்டு நிலையங்களுக்குப் போகின்றன. ஆகவே மெல்பர்னில் ஷெல் நிலையமொன்றில் நிரப்பும் டீசல் உள்ளூரில் தயாரானதாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி.

தயாரிப்பு என்று நாம் சொல்வதில் என்ன நடக்கிறது என்பதையும் சற்றுப் பார்த்துவிடலாம், ஏனெனில் நல்ல டீசல், மட்டமான டீசல் என்ற பேச்சில் பாதி இது தெரியாததால் வருகிறது. கச்சா எண்ணெயை 350 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விட்டால், அதன் கூறுகள் கொதிநிலைக்கேற்ப வெவ்வேறு உயரங்களில் பிரிகின்றன. மேலே பெட்ரோலுக்கான இலேசான பகுதி, அதற்குக் கீழே விமான எரிபொருள், அதற்கும் கீழே டீசலுக்கான பகுதி, அடியில் தாரும் கனமான எச்சமும். இப்படிப் பிரிந்த டீசலில் கந்தகம் மிகுதியாக இருக்கும். அதை உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்து, கோபால்ட்டும் மாலிப்டினமும் கலந்த வினையூக்கியின் மேல் செலுத்தும்போது, கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகப் பிரிந்து, பின்னர் தனிக் கந்தகமாக எடுக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் 2009 முதல் டீசலின் கந்தகம் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கந்தகத்தை அகற்றும் அதே வேலை, டீசலுக்கு இயற்கையாக இருந்த வழுவழுப்பையும் கொண்டுபோய்விடுகிறது. உயர் அழுத்த எரிபொருள் பம்பு அந்த வழுவழுப்பை நம்பியே இயங்குவது. எனவே மசகுத் தன்மையைக் கூட்டும் பொருளைத் திரும்பக் கலந்தாக வேண்டும். இது விலை உயர்ந்த டீசலுக்கு மட்டும் செய்யப்படும் சலுகை என்று சிலர் எண்ணுகிறார்கள்; உண்மையில் மிகச் சாதாரண டீசலுக்கும் இது கட்டாயம்.

அடர்த்தி, தீப்பற்றும் தன்மையைக் குறிக்கும் சீட்டேன் எண், நீரின் அளவு என்று எல்லாவற்றுக்கும் சட்டப்படி வரம்புகள் உண்டு. அந்த வரம்புகளுக்குள் வரும் டீசலுக்குக் கம்பெனிப் பெயர் கிடையாது. ஒரே கிடங்கிலிருந்து போட்டி நிறுவனங்களின் லாரிகள் நிரப்பிக்கொண்டு போவது எரிபொருள் தொழிலில் நெடுங்கால வழக்கம். பிரிஸ்பேனில் ஆலை வைத்திருப்பவர் மெல்பர்ன் அருகே ஆலை வைத்திருப்பவருக்குப் பிரிஸ்பேனில் டீசல் கொடுப்பார், அதற்கு ஈடாக மெல்பர்னில் வாங்கிக்கொள்வார். இரண்டாயிரம் கிலோமீட்டர் தூரம் ஏன் எண்ணெயைச் சுமந்து திரிய வேண்டும்? பல ஊர் நெல்லை ஒரே குதிரில் கொட்டிய பிறகு எந்தப் படி எந்த வயலில் விளைந்தது என்று கேட்பதுபோலத்தான், கிடங்குத் தொட்டியில் இருக்கும் டீசலின் பிறப்பிடத்தைக் கேட்பதும்.

அப்படியானால் ஷெல் டீசல் என்று ஒன்று இல்லவே இல்லையா என்றால், அதுவும் சரியில்லை. லாரியில் நிரப்பும் நேரத்தில், நிரப்பு மேடையிலேயே, அந்தந்த நிறுவனத்துக்குரிய சேர்க்கைப் பொருள் குறிப்பிட்ட விகிதத்தில் கலக்கப்படுகிறது. இன்ஜெக்டரில் படியும் கரியைக் கரைப்பது, நுரையைக் குறைப்பது, துருவைத் தடுப்பது ஆகியவை அதன் வேலைகள். வி-பவர் டீசல் என்று கூடுதல் விலைக்கு விற்பதில் இந்தச் சேர்க்கை மிகுதி. அந்தச் சேர்க்கையின் கலவை ஷெல்லுடையது, அதை எப்படிக் கலக்க வேண்டும் என்ற விதியும் ஷெல்லுடையது. உரிமம் என்பதன் உட்பொருள் அதுதான். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அவ்வப்போது அதை நிரப்புவதில் எனக்கு மறுப்பில்லை. நான் சாதாரண டீசலையே நிரப்புகிறேன், குளிர்காலத்தில் விக்டோரியாவின் பனிமலைகளுக்குப் போகும்போது மட்டும் மலையடிவார ஊர்களில் கிடைக்கும் பனிமலை டீசலை வாங்குகிறேன். அதற்குக் காரணம் சின்னமில்லை. சாதாரண டீசலில் உள்ள மெழுகு கடுங்குளிரில் உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும் என்பதுதான்.

சிட்னிக்குப் போனால் இதே சின்னத்தின் பின்னால் வேறு கதை. கிளைட் ஆலை மூடப்பட்ட பிறகு அது இறக்குமதிக் கிடங்காக மாற்றப்பட்டது. துறைமுகத்தின் கோர் பே முனையத்தில் கப்பல் எரிபொருளை இறக்க, அது குழாய் வழியாகக் கிளைட்டுக்குச் சென்று, அங்கிருந்து லாரிகளில் ஏறுகிறது. கப்பல் எங்கிருந்து வந்தது என்பது அந்தந்த மாதத்துச் சந்தை நிலவரத்தைப் பொறுத்தது. ஆஸ்திரேலியா இறக்குமதி செய்யும் டீசலில் தென் கொரியா, சிங்கப்பூர், மலேசியா, தைவான், இந்தியா ஆகிய நாடுகளின் ஆலைகளுக்குப் பெரும் பங்குண்டு. விவா எனர்ஜிக்குக் கச்சா எண்ணெயையும் இறக்குமதி எரிபொருளையும் தேடிக் கொண்டுவந்து தருவது பெரும்பாலும் விட்டோல்தான். உரிமையாளராகவும் சரக்கு கொடுப்பவராகவும் ஒரே நிறுவனம் இருப்பதைப் பங்குதாரர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. பட்டியலிடப்பட்ட நிறுவனமாதலால் அந்த ஒப்பந்தங்களை வெளிப்படுத்தும் கடமை அதற்கு இருப்பது நல்லதாயிற்று.

கப்பல் புறப்பட்ட துறைமுகத்தைக் கண்டுபிடித்தாலும் கச்சா எண்ணெய் எந்த மண்ணிலிருந்து வந்தது என்பது தெரிந்துவிடாது. உக்ரைன் போரையொட்டி 2022 ஏப்ரலில் ஆஸ்திரேலியா ரஷ்ய எண்ணெயின் இறக்குமதியைத் தடைசெய்தது. அதே ஆண்டில் இந்திய ஆலைகள் தள்ளுபடி விலையில் ரஷ்யக் கச்சா எண்ணெயைப் பெருமளவில் வாங்கத் தொடங்கின. சுங்க விதிகளின்படி, ஓர் ஆலையில் புகுந்து டீசலாக வெளிவந்த பின் அந்தப் பொருளின் பிறப்பிடம் ஆலை இருக்கும் நாடுதான். இந்தியத் துறைமுகத்தில் ஏற்றப்படுவது இந்திய டீசல். ஐரோப்பிய ஒன்றியம் இந்த ஓட்டையை அடைக்க 2025 ஜூலையில் புதிய விதி கொண்டுவந்து, ரஷ்யக் கச்சா எண்ணெயிலிருந்து பிற நாடுகளில் தயாரான எரிபொருளையும் 2026 ஜனவரி முதல் தடுப்பதென முடிவுசெய்தது. பல நாட்டு எண்ணெய் ஒரே தொட்டியில் கலக்கும் ஆலையில் அதை எப்படிப் பிரித்துக் காட்டுவது என்ற கேள்வி வணிகர்களுக்கும் சுங்க அதிகாரிகளுக்கும் தலைவலியாகவே இருக்கிறது.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் புக்கோம் தீவைத் தனியே அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஷெல் நிறுவனத்தின் வரலாறு ஒருவகையில் அந்தத் தீவில்தான் ஆசியாவில் கால் ஊன்றியது. லண்டன் வணிகரான மார்க்கஸ் சாமுவேல் கட்டுவித்த மியூரக்ஸ் என்ற கப்பல், ரஷ்யாவின் மண்ணெண்ணெயை ஏற்றிக்கொண்டு 1892-இல் சூயஸ் கால்வாயைக் கடந்த முதல் எண்ணெய்க் கப்பலாகக் கிழக்கே வந்தபோது, அதற்காகச் சேமிப்புத் தொட்டிகள் அமைத்துக் காத்திருந்த இடம் புக்கோம். 1907-இல் அவருடைய நிறுவனமும் ராயல் டச்சு நிறுவனமும் இணைந்து இன்று நாம் அறியும் ஷெல் உருவாயிற்று. 1961-இல் அதே தீவில் எழுந்த சுத்திகரிப்பு ஆலைதான் சிங்கப்பூரின் முதல் சுத்திகரிப்பு ஆலை. 1974-இல் ஆயுதமேந்திய நால்வர் அங்கே புகுந்து தொட்டிகளுக்கு வெடிவைத்த லாஜூ படகுச் சம்பவத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாளொன்றுக்கு 2,37,000 பீப்பாய் திறன் கொண்ட அந்த ஆலையை, ஜூரோங் தீவின் இரசாயன ஆலைகளோடு சேர்த்து, இந்தோனேசியாவின் சந்திரா அஸ்ரி நிறுவனமும் கிளென்கோர் வணிக நிறுவனமும் அமைத்த கூட்டு நிறுவனத்துக்கு விற்க 2024 மே மாதத்தில் ஷெல் ஒப்புக்கொண்டது. 2025 ஏப்ரல் 1 அன்று அது கைமாறி ஆஸ்டர் என்ற பெயரைப் பெற்றது. சிங்கப்பூர்த் தெருக்களில் ஷெல் நிலையங்கள் அப்படியே இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், புக்கோமை வாங்கிய அதே சந்திரா அஸ்ரி, 2025 அக்டோபரில் சிங்கப்பூரின் எஸ்ஸோ நிலையங்களை எக்ஸான்மொபிலிடமிருந்து வாங்கவும் உடன்பட்டது. எஸ்ஸோ பெயர் நீடிக்கும் என்றும் அறிவித்தார்கள். ஷெல் கட்டிய ஆலையின் இன்றைய உரிமையாளர் எஸ்ஸோ பலகையின் கீழ் எரிபொருள் விற்பதும், ஷெல் பலகையின் கீழ் விற்பவருக்கு அந்த ஆலை சொந்தமில்லாதிருப்பதும் ஒரே சிறு தீவு நாட்டுக்குள் நடக்கிற காரியங்கள்.

மலேசியாவில் இது அதற்கு முன்பே நடந்துவிட்டது. நெகிரி செம்பிலானின் போர்ட் டிக்சனில் 1963 முதல் இயங்கிய ஷெல் சுத்திகரிப்பு ஆலையின் 51 விழுக்காட்டுப் பங்கை 2016 டிசம்பரில் சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தைச் சேர்ந்த ஹெங்யுவான் நிறுவனம் 6.63 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. நாளொன்றுக்கு 1,56,000 பீப்பாய் சுத்திகரிக்கக்கூடிய ஓர் ஆலையின் பெரும்பான்மைப் பங்குக்கு இது எவ்வளவு சிறிய தொகை என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்கியவர் அதன் கடன்களையும், வாகனப் புகையின் மாசைக் குறைக்க வகுக்கப்பட்ட புதிய யூரோ தரத்துக்கு ஆலையை உயர்த்தும் செலவையும் சேர்த்தே வாங்கினார். அந்த ஆலை தயாரிக்கும் எரிபொருளைப் பெருமளவில் வாங்கி, மலேசிய நிலையங்களில் விற்பது ஷெல். அங்கே 2021 முதல் யூரோ 5 தரத்தில் விற்கப்படும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த உயிரி டீசலும் கலந்திருக்கிறது என்பதால், அதன் ஒரு பகுதி கிணற்றிலிருந்தே வரவில்லை.

ஆப்பிரிக்காவின் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஷெல் பலகைக்குப் பின்னால் இருப்பது விவோ எனர்ஜி; பெயர் ஒத்திருந்தாலும் இது ஆஸ்திரேலியாவின் விவா எனர்ஜி இல்லை. அதன் முழு உரிமையும் 2022 முதல் அதே விட்டோலிடம் இருக்கிறது. இலங்கையில், 1960-களின் தொடக்கத்தில் அரசு எரிபொருள் விற்பனையைத் தன்வசப்படுத்தியபோது வெளியேறிய ஷெல் பெயர், ஆர்.எம். பார்க்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு 2023 ஜூனில் 200 நிலையங்களுக்காகச் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தத்தின் வழியே திரும்ப வருகிறது. நிலையங்களை நடத்துவது அந்த அமெரிக்க நிறுவனமாகவும் சின்னம் ஷெல்லினுடையதாகவும் அந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது. இந்தியாவில் பர்மா-ஷெல் 1955-இல் மும்பையில் கட்டிய ஆலை 1976-இல் அரசுடைமையாகி, பின்னர் பாரத் பெட்ரோலியம் ஆயிற்று. 2004-இல் சில்லறை விற்பனைக்கு மீண்டும் வந்த ஷெல்லுக்கு அங்கே சொந்தமாகச் சுத்திகரிப்பு ஆலை கிடையாது.

இவற்றுக்கெல்லாம் விலக்கு என்று ஒரு டீசலைச் சொல்லலாம். எரிவாயுவிலிருந்து டீசலைக் கட்டியெழுப்பும் முறை 1920-களில் ஜெர்மனியில் பிஷர், ட்ரோப்ஷ் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டது. மீத்தேனை முதலில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக உடைத்து, வினையூக்கியின் மேல் அவற்றை நீண்ட சங்கிலிகளாகக் கோத்து மெழுகாக்கி, அந்த மெழுகை வெட்டி டீசல் எடுக்கிறார்கள். கிடைப்பது நிறமற்ற, மணமற்ற, கந்தகம் ஏறத்தாழ இல்லாத திரவம். அதன் சீட்டேன் எண் 70-ஐத் தாண்டும். ஷெல் இதை வணிக அளவில் 1993-இல் சரவாக்கின் பிந்துலுவில் தொடங்கியது. 1997 கிறிஸ்துமஸ் அன்று அங்கே காற்றைப் பிரிக்கும் அலகு வெடித்து ஆலை நின்றுபோக, 2000-இல் மீண்டும் இயங்கியது. அதன் அனுபவத்தைக் கொண்டு கத்தாரின் ராஸ் லஃபானில் பேர்ல் என்ற ஆலையை ஷெல் கட்டியது. முதல் சரக்கு 2011 ஜூனில் புறப்பட்டது, நாளொன்றுக்கு 1,40,000 பீப்பாய் தயாரிக்கும் அளவுக்கு அது பெரியது. 2006-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற முதல் டீசல் வண்டியான ஆடி ஆர்10-இல் இவ்வகை டீசல் கலந்த வி-பவர் டீசலே ஓடியது. ஐரோப்பாவின் சில நாடுகளில் வி-பவர் டீசலில் இது ஒரு பங்காகச் சேர்க்கப்பட்டு விற்கப்பட்டிருக்கிறது. எந்த ஆலையில், எந்த நிறுவனத்தின் அறிவால் தயாரானது என்று துணிந்து சொல்லக்கூடிய ஷெல் டீசல் இதுவே. இங்கும் எரிவாயு வயல் கத்தார் அரசுடையது. செலவு முழுவதையும் தாங்கிய ஷெல், உற்பத்தியைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தின் கீழ் அதை நடத்துகிறது.

உரிமம் முடிந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்குக் கால்டெக்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. கால்டெக்ஸ் ஆஸ்திரேலியா நிறுவனத்தில் தனக்கிருந்த பாதிப் பங்கை அமெரிக்காவின் செவ்ரான் 2015-இல் விற்றுவிட்டது, ஆனால் கால்டெக்ஸ் என்ற பெயர் செவ்ரானிடமே இருந்தது. பிறகு செவ்ரான் பூமா நிறுவனத்தின் ஆஸ்திரேலிய நிலையங்களை வாங்கி மீண்டும் இந்த நாட்டுக்குள் நுழைந்து, பெயருக்கான உரிமத்தை முடித்துக்கொண்டது. தன் பெயரையே இழந்த பழைய நிறுவனம் 2020-இல் ஆம்போல் ஆயிற்று. நேற்று வரை கால்டெக்ஸ் என்றிருந்த நிலையம் ஆம்போலாகவும், பூமா என்றிருந்த நிலையம் கால்டெக்ஸாகவும் மாறின. கால்டெக்ஸ் டீசலே சிறந்தது என்று சாதித்துவந்த நண்பர் ஒருவர் பழக்கத்தின் பேரில் அதே நிலையத்துக்குப் போவதா, பெயரைத் தேடி வேறு நிலையத்துக்குப் போவதா என்று சில காலம் தடுமாறினார். இரண்டிலும் டீசல் ஒரே கிடங்கிலிருந்து வந்திருக்கக் கூடும் என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

ஒவ்வொரு பம்பிலும் டீசலின் பிறப்பிடத்தை எழுதி ஒட்ட வேண்டும் என்று சிலர் கோருகிறார்கள். கலந்த தொட்டிகளையும் மாறிக்கொண்டே இருக்கும் கப்பல்களையும் பார்த்த பிறகு அதனால் பெரிய பயன் விளையும் என்று நான் நம்பவில்லை. அதைவிட, நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் பெயரைச் சின்னத்தின் அளவுக்கே பெரிதாக எழுதச் சொல்வது உதவும். டீசலில் தண்ணீர் கலந்து வண்டி நின்றுவிட்டால், 2000-ஆம் ஆண்டின் எரிபொருள் தரச் சட்டத்தின்படியும் நுகர்வோர் சட்டத்தின்படியும் பதில் சொல்ல வேண்டியவர் அதை விற்றவரே. லண்டனுக்குக் கடிதம் எழுதுவதில் பொருளில்லை. விற்றவர் யார் என்பது ரசீதில் அச்சாகியிருக்கும், பக்கத்தில் பதினோரு இலக்க வணிக எண்ணும் இருக்கும். அந்த எண்ணை அரசின் வணிகப் பதிவேட்டில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். ஒரே சாலையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஷெல் நிலையங்களின் ரசீதுகளில் ஒரே எண் இருக்க வேண்டும் என்பதில்லை, ஏனெனில் விவா எனர்ஜி தானே நடத்துபவை போக, தனி முகவர்கள் சொந்தமாக நடத்தும் நிலையங்களும் அந்தச் சிப்பியின் கீழ் உண்டு.